வீட்டுப் பட்டறைக்கு எந்த கேட் மென்பொருள்? வாசகர் கேள்வி–பதில்

சிறிய சிஎன்சி எந்திரம் (கணினிக் கட்டளைப்படி வெட்டுவது) வாங்கி வீட்டிலேயே வெட்டுகிறவர்கள், வரைந்து கொண்டுபோய் லேசர் கடையில் வெட்டி வாங்குகிறவர்கள் என இரண்டு தரப்பிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. அதிகம் செலவழிக்காமல் எந்த மென்பொருளில் வரையலாம் என்பதுதான் பெரும்பாலான கடிதங்களின் சாரம்.

கேள்வி: 3018 சிஎன்சி ஒன்று வாங்கியிருக்கிறேன். மரத்தில் சாவி மாட்டி, சிறு பெட்டி போன்றவை செய்து கொஞ்சம் விற்கவும் எண்ணம். ஃபியூஷன் கற்றுக்கொள் என்கிறார் ஒருவர். ஃப்ரீகேட் போதும் என்கிறார் இன்னொருவர். என்னிடம் இருப்பது 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். எதில் தொடங்குவது? — திண்டுக்கல் வாசகர்

பதில்: மென்பொருளைத் தேர்வு செய்யும்போது எந்திரத்தின் பக்கமிருந்து பின்னோக்கி வாருங்கள். வேலை மூன்று கட்டமாக நடக்கிறது. வரைவது கேட். எந்த பிட் (வெட்டும் முனை), எவ்வளவு ஆழம், எந்த வேகம் என்று முடிவு செய்து ஜி-கோடு (எந்திரத்துக்கான நகர்வுக் கட்டளைகள்) எழுதுவது கேம். அந்த ஜி-கோடை யுஎஸ்பி வழியாக வரி வரியாக எந்திரத்துக்கு அனுப்புவது சென்டர். 3018 எந்திரங்களில் பெரும்பாலும் ஜிஆர்பிஎல் (ஜி-கோடைப் படித்து மோட்டாரை ஓட்டும் மென்பொருள்) உள்ள கன்ட்ரோலர்தான் இருக்கிறது. அதற்குக் கேண்டில், யுனிவர்சல் ஜி-கோடு சென்டர் இரண்டுமே இலவசம், இரண்டுமே நன்றாக வேலை செய்யும். ஆகவே நீங்கள் எதில் வரைந்தாலும், அதன் கேம் பகுதியில் ஜிஆர்பிஎல்லுக்கான போஸ்ட் பிராசசர் (ஜி-கோடை அந்தந்த எந்திரத்துக்கு ஏற்ற வடிவில் எழுதும் பகுதி) இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். இதைப் பார்க்காமல் தொடங்குகிறவர்கள்தான் எந்திரம் பாதியில் நின்று "எரர் 20" காட்டுகிறது என்று எழுதுகிறார்கள். அந்தக் கட்டளை ஜிஆர்பிஎல்லுக்குத் தெரியாது என்பதே அதன் பொருள். துளையிடும் சுழற்சிக் கட்டளைகளான ஜி81, ஜி83, பிட் மாற்றும் எம்6 ஆகியவற்றை ஜிஆர்பிஎல் ஏற்பதில்லை.

அடுத்து உரிமம். ஃபியூஷனின் தனிநபர் இலவசப் பதிப்பு சிறந்த மென்பொருள்தான். அதன் கேம் பகுதி ஃப்ரீகேடைவிடப் பழகுவதற்கு எளிது. ஆனால் அது வணிகமல்லாத சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டுமே. ஒரே நேரத்தில் 10 கோப்புகளைத்தான் திருத்தும் நிலையில் வைத்திருக்கலாம். 2020 அக்டோபர் முதல் இந்தப் பதிப்பு எழுதும் ஜி-கோடில் வேக நகர்வு கிடையாது. பிட் மேலே தூக்கி இடம் மாறும்போதும் வெட்டும் வேகத்திலேயே நகரும். 3018 போன்ற மெதுவான எந்திரத்தில் இதனால் பெரிய நட்டமில்லை. எட்டுக்கு நாலு ஷீட் போடும் ரூட்டரில் நேரம் வெகுவாக வீணாகும். ஆன்ஷேப்பின் இலவசப் பதிப்பும் வணிகத்துக்கு அல்ல. மேலும் அதில் வரைவதெல்லாம் பொதுவில் திறந்தே இருக்கும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். விற்கப்போகும் பொருளுக்கு அது ஒத்துவராது.

நீங்கள் விற்க நினைப்பதால் எங்கள் பரிந்துரை ஃப்ரீகேட்தான். திறந்த மூல மென்பொருள், வணிகத் தடை எதுவும் இல்லை, உங்கள் லேப்டாப்பிலேயே ஓடும். பழைய பதிப்புகளில் முதல் ஸ்கெட்சில் ஒரு கோட்டைத் திருத்தினால் பின்னால் செய்த துளையும் பள்ளமும் வேறு முகத்துக்குத் தாவிவிடும். பலர் வெறுத்து ஒதுக்கியது இதனால்தான். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் இந்தக் கோளாறு பெருமளவு சரிசெய்யப்பட்டிருக்கிறது. முன்பு முயன்று விட்டவர்களும் மறுபடி பார்க்கலாம்.

செய்முறை இது. பார்ட் டிசைனில் ஸ்கெட்ச் வரைந்து, எல்லா அளவும் கொடுத்து முடியுங்கள். கோடுகள் முழுவதும் பச்சையாக மாறினால் அளவு ஏதும் விடுபடவில்லை என்று பொருள். பேட் கொடுத்தால் தடிமன் வரும், பாக்கெட் கொடுத்தால் பள்ளம் வரும். பிறகு கேம் பகுதிக்குப் போய் ஜாப் ஒன்று உருவாக்குங்கள். அதன் அவுட்புட் தாவலில் போஸ்ட் பிராசசராக ஜிஆர்பிஎல்லைத் தேர்வு செய்யுங்கள். துளை போடுவதாக இருந்தால் அதே இடத்தில் ஆர்க்யுமென்ட்டாக இரண்டு சிறு கோடுகளுக்குப் பின் டிரான்ஸ்லேட்_டிரில் என்பதை ஆங்கிலத்தில் சேர்த்துவிடுங்கள். ஜி81 வரிகளைச் சாதாரண ஏற்ற இறக்க நகர்வுகளாக மாற்றி எழுதிக்கொடுக்கும். வெளி விளிம்புக்குப் புரொஃபைல் ஆபரேஷன். அதன்மேல் டேக் டிரெஸ்அப் போட்டு 4 மி.மீ. அகலம், 1 மி.மீ. உயரத்தில் நாலு பிடிப்புகள் விடுங்கள். விடாவிட்டால் கடைசிச் சுற்றில் துண்டு கழன்று பிட்டில் மாட்டும். பிட் உடையும், துண்டும் தெறிக்கும்.

அளவுகள்: ஈஆர்11 காலட்டில் (பிட்டைப் பிடிக்கும் கவ்வி) 3.175 மி.மீ. தண்டுள்ள இரண்டு புளூட் (வெட்டுப் பல்) பிட். 3018-இன் சட்டம் வளைந்துகொடுப்பதால் மென்மரத்தில் ஒரு சுற்றுக்கு 0.5 முதல் 1 மி.மீ. ஆழத்துக்கு மேல் போகவேண்டாம். பீட் வேகத்துக்குக் கணக்கு: சுழற்சி × புளூட் எண்ணிக்கை × ஒரு பல் எடுக்கும் சீவல். 9000 × 2 × 0.025 என்றால் நிமிடத்துக்கு 450 மி.மீ. பயந்து வேகத்தை 100-க்குக் குறைத்தால் பிட் மரத்தைச் சீவாது, தேய்க்கும். புகை வரும், பிட்டின் முனை மழுங்கும். வெளியே வருவது தூளாக இல்லாமல் சிறு சீவலாக இருந்தால் வேகம் சரியாக இருக்கிறது.

கேள்வி: லேசர் கட்டிங் கடைக்குக் கொடுத்த டிஎக்ஸ்எஃப் வரைபடக் கோப்பு அங்கே திறந்தபோது அளவு தாறுமாறாக இருந்தது. இன்னொரு முறை, ஒரே கோட்டை எந்திரம் இரண்டு தடவை வெட்டியது. தவறு என்னுடையதா, கடைக்காரருடையதா? — கோவை வாசகர்

பதில்: கோப்பில்தான் தவறு. ஷீட் வேலைக்கு முப்பரிமாண மென்பொருளே தேவையில்லை. லிப்ரேகேட், கியூகேட் சமூகப் பதிப்பு இரண்டும் இலவசம், இரண்டும் டிஎக்ஸ்எஃப் கோப்பிலேயே வேலை செய்கின்றன. ஆட்டோகேட் பழகியவருக்கு ஒரு வாரத்தில் கை வந்துவிடும். ஆனால் எதில் வரைந்தாலும் அனுப்பும் முன் கீழ்க்கண்ட சோதனைகளைச் செய்யுங்கள்.

அலகு முதலில். டிஎக்ஸ்எஃப் கோப்பில் 100 என்ற எண் இருக்கும், அது மி.மீ.யா, அங்குலமா என்ற குறிப்பு தனியாக இருக்கும். ஆர்12 என்ற பழைய வடிவத்தில் அந்தக் குறிப்பே கிடையாது. கடையின் மென்பொருள் அங்குலம் என்று எடுத்துக்கொண்டால் உங்கள் பாகம் 25.4 மடங்கு பெரிதாகும். மாறி நடந்தால் அதே அளவு சுருங்கும். படத்தின் ஓரத்தில், வெட்டவேண்டாத தனி லேயரில், 100 மி.மீ. சதுரம் ஒன்று வரைந்து "இது 100 மி.மீ." என்று வாட்ஸ்ஆப்பிலோ தாளிலோ எழுதிக் கொடுங்கள். திறந்தவர் ஒரு நொடியில் சரிபார்த்துவிடுவார்.

இரட்டைக் கோடு பெரும்பாலும் காப்பி செய்யும்போது வருகிறது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கோடு இருந்தால் திரையில் ஒன்றாகத்தான் தெரியும். சந்தேகமுள்ள கோட்டைத் தேர்ந்தெடுத்து நகர்த்திப் பாருங்கள். கீழே இன்னொன்று இருந்தால் அழித்துவிடுங்கள். கடையில் வெட்டு நீளத்துக்கும் துளைத் தொடக்கங்களுக்கும் சேர்த்துத்தான் கணக்குப் போடுவார்கள், ஆகவே இரட்டைக் கோட்டுக்கு நீங்கள் காசும் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். அதைவிட மோசம், மெல்லிய தகட்டில் இரண்டாவது வெட்டு விளிம்பை உருக்கிக் கெடுக்கும்.

மூன்றாவது, திறந்த மூலை. இரண்டு கோடுகள் சேரும் இடத்தில் 0.01 மி.மீ. இடைவெளி இருந்தாலும் மென்பொருள் அதை மூடிய வடிவமாக ஏற்காது. உள்ளே எது, வெளியே எது என்று தெரியாமல் வெட்டுத் தடிமனை எந்தப் பக்கம் ஒதுக்குவது என்பதில் குழம்பும். வரையும்போதே ஸ்னாப் எண்ட்பாயின்ட் போட்டு இணையுங்கள், கண்ணளவில் வேண்டாம். அளவுக்கோடு, தலைப்புப் பெட்டி, மைய அச்சு எல்லாவற்றையும் நீக்கிய தனிக் கோப்பைக் கொடுங்கள். அளவுகள் உள்ளதை பிடிஎஃப் ஆகச் சேர்த்துக் கொடுங்கள்.

துளை விட்டம் தகட்டின் தடிமனுக்குக் குறையாமல் இருந்தால் லேசரில் கவலையில்லை; பிளாஸ்மாவில் துளை அதைவிடப் பெரிதாக இருக்கவேண்டும். அதைவிடச் சிறிய துளையென்றால் மையத்தில் ஒரு சிறு குறி மட்டும் போடச்சொல்லி டிரில் செய்துகொள்ளுங்கள். இன்னொன்று: 16 கேஜ் என்று வாய்வார்த்தையாகச் சொல்லாமல் 1.6 மி.மீ. என்று எழுதுங்கள்.

கேள்வி: பித்தளை, மரம் இரண்டிலும் தமிழில் பெயர்ப்பலகை செய்கிறேன். கேட் மென்பொருளில் தமிழ் தட்டச்சு செய்தால் கொம்பும் காலும் இடம் மாறிப்போகின்றன. — மதுரை வாசகர்

பதில்: பல கேட் மென்பொருள்கள் எழுத்துருவிலிருந்து ஒவ்வொரு குறியாகத்தான் எடுத்து அடுக்குகின்றன. "கெ" என்பதில் ககரத்தை முதலில் வைத்துக் கொம்பைப் பின்னால் போட்டுவிடும். தமிழ் எழுத்து வேலையை இன்க்ஸ்கேப்பில் செய்யுங்கள். இலவசம், ஒருங்குறித் தமிழை ஒழுங்காகச் சேர்த்துக் காட்டும்.

தட்டச்சு செய்து, எழுத்துருவும் அளவும் முடிவானபின் பாத் மெனுவில் ஆப்ஜெக்ட் டு பாத் கொடுங்கள். இதைச் செய்யாமல் கோப்பை அனுப்பினால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வேறு எழுத்துருவில் திறக்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவாக இருந்தால் வெறும் ஆங்கில எழுத்துகளாகத் தெரியும். பிறகு குழுவைப் பிரித்து, யூனியன் கொடுங்கள். "கு", "டி" போன்றவற்றில் எழுத்தும் குறியும் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் அந்த உள்கோடுகளையும் எந்திரம் வெட்டும்; யூனியன் அவற்றை நீக்கிவிடும்.

தகட்டை ஊடுருவ வெட்டி எழுத்து வடிவில் ஒளி தெரியவேண்டும் என்றால் சுழிகளைக் கவனியுங்கள். "அ", "ண", "ஐ" ஆகியவற்றின் சுழிக்குள் இருக்கும் துண்டு எதிலும் ஒட்டாமல் கீழே விழுந்துவிடும். புள்ளி வளையமாக உள்ள எழுத்துருவில் அதற்குள்ளும் இதே கதி. ஒவ்வொரு சுழிக்கும் 1.5 முதல் 2 மி.மீ. அகலத்தில் ஒரு பாலம் விடவேண்டும். பாலத்தைச் செங்குத்தாக வைத்தால் கண்ணுக்கு உறுத்தாது. புள்ளி வளையமாக இல்லாமல் உள்ளே நிரம்பிய வட்டமாக உள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை மிச்சம்.

மரத்தில் குடைவதாக இருந்தால் எழுத்தின் மிக மெல்லிய கோட்டை அளந்து பாருங்கள். 2 மி.மீ. கோட்டுக்குள் 3.175 பிட் நுழையாது. மென்பொருள் அந்த இடத்தைச் சத்தமில்லாமல் விட்டுவிடும், வெட்டி முடித்தபின்தான் எழுத்து அறுந்திருப்பது தெரியும். இதற்கு வி-பிட் ஏற்றது. 90 பாகை வி-பிட்டில் 3 மி.மீ. அகலக் கோட்டுக்கு 1.5 மி.மீ. ஆழம் போகும்; 60 பாகையில் 2.6 மி.மீ. போகும். பலகையின் தடிமன் அதைத் தாங்குமா என்று கணக்கிட்டுவிட்டு பிட்டை எடுங்கள். வி-கார்விங் ஜி-கோடு எழுத எஃப்-என்கிரேவ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, இன்க்ஸ்கேப்பின் டிஎக்ஸ்எஃப்பை ஏற்கும்.

டிஎக்ஸ்எஃப் சேமிக்கும்போது ஆர்14 வகை, அலகு மி.மீ. என்று கொடுத்து, ரோபோமாஸ்டர் ஸ்பிளைன் என்ற பெட்டியில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். பழைய எஸ்விஜி கோப்புகளில் ஒரு வலை உண்டு: இன்க்ஸ்கேப் 0.91 வரை அங்குலத்துக்கு 90 புள்ளி, 0.92 முதல் 96. பழையதைப் புதியதில் திறந்து அளவு சரிசெய்யாமல் விட்டால் 100 மி.மீ. பலகை 93.75 ஆகச் சுருங்கும். இந்த விகிதத்தில் சுருங்கினால் காரணத்தை வேறெங்கும் தேடவேண்டாம்.

கேள்வி: நண்பர் ஒருவர் ஆர்ட்கேம் மென்பொருளை பென்டிரைவில் தருகிறேன் என்கிறார். வாங்கிப் போட்டுக்கொள்ளலாமா? — கும்பகோணம் வாசகர்

பதில்: வேண்டாம். ஆர்ட்கேம் விற்பனையை ஆட்டோடெஸ்க் 2018-லேயே நிறுத்திவிட்டது. பென்டிரைவில் சுற்றுவது பூட்டு உடைத்த பிரதி. சட்டச் சிக்கல் ஒருபுறம். வைரஸ் தடுப்பை அணைத்துவிட்டுத்தான் அதை நிறுவச் சொல்வார்கள். வாடிக்கையாளர் கணக்கும் வங்கி விவரமும் உள்ள கணினியில் அப்படிச் செய்வது ஆபத்து. கதவுச் செதுக்கல்தான் உங்கள் தொழில் என்றால் ஆர்ட்கேமின் வழிவந்த கார்வெகோ, அல்லது வெக்ட்ரிக்கின் விகார்வ், ஆஸ்பையர் ஆகியவற்றைப் பாருங்கள். செதுக்குப் படங்களை நீங்களே உருவாக்க ஆஸ்பையர் வேண்டும். வாங்கிய படத்தை வெட்டுவதற்கு விகார்வ் போதும். விகார்வ் டெஸ்க்டாப் பதிப்பில் வேலைப்பரப்பு 25 அங்குலத்துக்கு 25 அங்குலம்தான். கதவுக்கு புரோ பதிப்பு தேவைப்படும். சோதனைப் பதிப்பை இறக்கி, கூடவே வரும் மாதிரிக் கோப்பை உங்கள் எந்திரத்தில் வெட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

கேள்வி: 2 மி.மீ. எம்.எஸ். ஷீட்டில் 50க்கு 50 எல் பிராக்கெட் வேண்டும். 100 மி.மீ. பட்டை வெட்டி வளைத்தேன், இரண்டு பக்கமும் 52-க்கு அருகில் வந்துவிட்டது. — ஓசூர் வாசகர்

பதில்: வளைவில் தகடு நீள்கிறது, வெளி அளவைக் கூட்டினால் எப்போதும் இப்படித்தான் அதிகமாக வரும். முதலில் பெண்டிங் கடையில் எந்த வி-டை (தகட்டை அழுத்தி வளைக்கும் வி வடிவ அச்சு) போடுகிறார்கள் என்று கேளுங்கள். 2 மி.மீ. தகட்டுக்குப் பொதுவாக 16 மி.மீ. வி, அதில் உள் ஆரம் சுமார் 2.5 மி.மீ. வரும். கே-ஃபேக்டர் (வளைக்கும்போது நீளம் மாறாத அடுக்கு, உள்பக்கத்திலிருந்து தடிமனில் எத்தனை பங்கு தூரத்தில் இருக்கிறது என்பது) 0.4 என்று கொண்டால், 90 பாகை வளைவில் செலவாகும் நீளம் 1.571 × (2.5 + 0.4 × 2) = 5.2 மி.மீ. ஒவ்வொரு பக்கத்தின் நேர்ப்பகுதி 50-இல் தடிமனும் ஆரமும் போக 45.5. ஆக 45.5 + 45.5 + 5.2 = 96.2 மி.மீ. வெட்டவேண்டும்.

ஃப்ரீகேடின் டூல்ஸ் மெனுவில் உள்ள ஆட்ஆன் மேனேஜரில் ஷீட்மெட்டல் என்பதை நிறுவினால் இந்தக் கணக்கை அதுவே போட்டு, விரித்த வடிவத்தையும் தரும். ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவை: அன்ஃபோல்ட் செய்யும்போது கே-ஃபேக்டர் ஆன்சி முறையா, டின் முறையா என்று கேட்கும். டின் எண் ஆன்சியைப் போல இரு மடங்கு. ஆன்சியில் 0.4 என்பது டின்னில் 0.8. மாற்றிப் போட்டால் விரித்த நீளம் தவறாகும். துளை இருந்தால், அதன் விளிம்பை வளைவிலிருந்து தடிமனின் இரண்டரை மடங்கும் உள் ஆரமும் சேர்ந்த தூரத்துக்கு அப்பால் வையுங்கள்; உங்கள் தகட்டில் அது 7.5 மி.மீ. கிட்டே வைத்தால் துளை முட்டை வடிவில் இழுபடும்.

கேள்வி: வரைந்தது 100 மி.மீ., வெட்டி வருவது 99.2. பிளைவுட் காடிகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. மென்பொருளை மாற்றினால் சரியாகுமா? — தஞ்சாவூர் வாசகர்

பதில்: ஆகாது. 100 மி.மீ.யோடு 50 மி.மீ. சதுரம் ஒன்றையும் வெட்டி வெர்னியரில் அளந்து பாருங்கள். அது 49.6 வந்தால் பிழை விகிதப்படி வருகிறது. எந்திரத்தின் ஸ்டெப் கணக்கு தவறு. 49.2 வந்தால் பிழை நிலையானது. பிட் விட்டம்தான் காரணம்.

ஸ்டெப் கணக்கு: 200 ஸ்டெப் மோட்டார், 16 மைக்ரோஸ்டெப், ஒரு சுற்றுக்கு 4 மி.மீ. நகரும் திருகு என்றால் 3200-ஐ 4-ஆல் வகுத்து 800. 8 மி.மீ. திருகு என்றால் 400. ஜிஆர்பிஎல்லில் $100, $101, $102 என்ற மூன்று இடங்களில் இது இருக்கும். திருகு உள்ள எந்திரத்தில் கணக்குப்படி வரும் எண்ணையே போடுங்கள். அளந்து திருத்துவது பெல்ட் எந்திரத்துக்கு. அங்கே பழைய எண்ணைச் சொன்ன தூரத்தால் பெருக்கி வந்த தூரத்தால் வகுக்கவேண்டும்.

பிழை நிலையானதென்றால், மென்பொருளில் கொடுத்த விட்டத்தையும் பிட்டின் உண்மையான விட்டத்தையும் ஒப்பிடுங்கள். 3.175 பிட்டை 3 என்று பதிந்தால் பாகம் 0.175 மி.மீ. சிறுக்கும். 0.8 வருமளவுக்கு வித்தியாசம் என்றால் காலட்டில் பிட் ஆடுகிறதா என்றும் பாருங்கள். காலட்டின் உள்ளே மரத்தூள் ஒட்டியிருந்தாலே பிட் கோணலாகச் சுற்றும்.

காடி பொருந்தாததற்கு இன்னும் இரண்டு காரணங்கள். 18 மி.மீ. பிளைவுட் என்று வாங்குவது உண்மையில் 17.4-உம் இருக்கலாம், 17.8-உம் இருக்கலாம், ஒரே ஷீட்டிலேயே மாறும். நாலு மூலையிலும் அளந்து, ஃப்ரீகேடின் ஸ்பிரெட்ஷீட்டில் தடிமனை ஒரே ஒரு கட்டத்தில் எழுதி, எல்லாக் காடியையும் அந்தக் கட்டத்தோடு இணையுங்கள். புது ஷீட் வந்தால் ஒரு எண்ணை மாற்றினால் போதும். காடிக்கு 0.2 மி.மீ. கூடுதல் விட்டால் ஃபெவிகால் இறங்கவும் இடம் கிடைக்கும். மற்றொன்று உள்மூலை: 6 மி.மீ. பிட் மூலையில் 3 மி.மீ. ஆரத்தை விட்டுவிடும், எதிர்த்துண்டின் கூர்மூலை அதில் முட்டும். டாக்போன் டிரெஸ்அப் கொடுத்தால் மூலையில் கூடுதலாகக் குடைந்துவிடும். வெளியே தெரியும் பக்கத்தில் அந்தக் குழி பிடிக்காவிட்டால், உளியால் மூலையைச் செதுக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: இன்று இலவசமாக இருக்கும் மென்பொருள் நாளை காசு கேட்டால் என் வரைபடங்கள் என்ன ஆகும்? — சேலம் வாசகர்

பதில்: நடந்திருக்கிறது. டிராஃப்ட்சைட் பல ஆண்டுகள் இலவசமாகக் கிடைத்து, 2019-உடன் அந்த இலவசப் பதிப்பு நின்றுபோனது. ஃபியூஷனின் இலவச வசதிகள் 2020-இல் குறைக்கப்பட்டதை மேலே சொன்னோம். ஒரு வடிவம் முடிந்த அன்றே முப்பரிமாணத்தை ஸ்டெப் (STEP) என்ற பொதுவடிவக் கோப்பாகவும், தட்டை வடிவை டிஎக்ஸ்எஃப்பாகவும் உங்கள் ஹார்ட் டிஸ்கில் சேமியுங்கள். வெட்டிய ஜி-கோடையும் அதே ஃபோல்டரில் போட்டு, எந்த பிட், என்ன பீட், எவ்வளவு ஆழம் என்று ஒரு சிறு குறிப்பு எழுதி வையுங்கள். ஸ்டெப் கோப்பில் வடிவம் மட்டுமே வரும். எந்த அளவு எதோடு இணைந்திருந்தது என்ற வரலாறு வராது. ஆகவே அடிக்கடி அளவு மாற்றி விற்கும் பொருளை முதலிலிருந்தே ஃப்ரீகேடில் வரைவதுதான் பாதுகாப்பு.

கேள்வி: கணினி இல்லை. போனிலேயே வரைய முடியுமா? — ராமநாதபுரம் வாசகர்

பதில்: ஆன்ஷேப்புக்கு ஆண்ட்ராய்டு செயலி இருக்கிறது, வரைந்ததைத் திருப்பிப் பார்க்கவும் ஓரிரு அளவு மாற்றவும் நல்லது. ஆனால் விரலால் கோட்டின் முனையைத் துல்லியமாகத் தொட்டு இணைப்பது சிரமம், கேம் வேலையையும் போனில் செய்ய முடியாது. செகண்ட் ஹேண்டில் ஒரு ஐ3 கணினி வாங்குங்கள். 8 ஜிபி ராமும் எஸ்எஸ்டியும் இருந்தால் ஃப்ரீகேட், லிப்ரேகேட், இன்க்ஸ்கேப் எல்லாமே அதில் ஓடும். சுருள் உள்ள மவுஸ் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். டச்பேடில் கேட் பழக முடியாது.